கழற்றிப் போன தண்டவாளத்தை மேசையில் போடுவது: மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் வாருங்கள்

கடலோரக்கோச்சி (கல்முனை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்பாறை மாவட்டத்துக்குள் கோச்சி ஓடுகிற பாதை கிடையாது. மகோவில் பிரிந்து கல்லோயாச் சந்தி, பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாக வருகிற தண்டவாளம் மட்டக்களப்பு நிலையத்தோடு முடிந்துவிடும். அதற்குத் தெற்கே பஸ்தான். ஆனாலும் மாதிரி ரயில் ஆசை என்னை விடுகிறதில்லை.

வீட்டுப் பின்னறையில் 8 அடி நீளம், 2 அடி அகலத்துக்கு ஒரு மேசை போட இடம் கிடைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் இரண்டு கம்பிக்கும் நடுவே 16.5 மி.மீ. இடைவெளி உள்ள மாதிரித் தண்டவாளம் ஒரு பெட்டி நிறையத் தந்துவிட்டுப் போனார். இன்ஜின் இன்னும் வாங்கவில்லை. ஜெர்மன் கிராமமும் அமெரிக்கப் பாலைவனமும் எனக்கு வேண்டாம். இலங்கையில் கைவிடப்பட்ட ஒரு பாதையைத்தான் செய்ய நினைக்கிறேன்.

மனதில் இருப்பது நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குப் போன சின்னப் பாதை. இல்லாவிட்டால் அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி, ஓபநாயக்க வரை போன களனிவெளிப் பாதை. அதுவும் சரிவராவிட்டால் தலைமன்னார் இறங்குதுறை. எதை எடுப்பது? நேரில் போய்ப் பார்த்துவிட்டுத் தொடங்குவதா, படங்களை வைத்தே தொடங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூன்றுமில்லி (மட்டக்களப்பு நகர்) எழுதியது:

தம்பி, இடத்தைத் தெரிவு செய்ய முன் அளவைத் தெரிவு செய்யுங்கள். பெட்டி நிறையத் தண்டவாளம் இருக்கிறதே என்று தொடங்கினால் பிறகு எல்லாமே இடிக்கும்.

நமது அகலப் பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. உங்களிடம் இருக்கிற 16.5 மி.மீ. தண்டவாளம் 1435 மி.மீ. பாதையை 87இல் ஒரு பங்காகச் சுருக்கியது. எச்.ஓ. என்பது அதுதான். அதே 87இல் நமது பாதையைச் செய்வதென்றால் 19.3 மி.மீ. வேண்டும். பிரிட்டிஷ்காரரின் ஓ.ஓ. அளவான 76இல் செய்தால் 22 மி.மீ. இரண்டையும் கடையில் வாங்க முடியாது, கையால்தான் செய்யவேண்டும்.

இப்போது அளவை மாற்றிப் பாருங்கள். ஓர் அடிக்கு 3 மி.மீ. என்று வையுங்கள். ஐந்தரை அடிக்கு எவ்வளவு? 16.5 மி.மீ. ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் உங்கள் பெட்டியில் இருக்கிற தண்டவாளமே இலங்கை அகலப் பாதையாகிவிடுகிறது. 101.6இல் ஒரு பங்கு. பழைய வரைபடங்கள் எல்லாம் அடி, அங்குலத்தில்தானே இருக்கின்றன? 3ஆல் பெருக்கினால் மில்லிமீற்றர் வந்துவிடும். இதற்காகத்தான் எனக்கு இந்தப் பெயர்.

குறையையும் சொல்லவேண்டும். கடைத் தண்டவாளத்தின் சிலிப்பர்கள், அதாவது கீழே குறுக்காகக் கிடக்கிற கட்டைகள், நம் கண்ணுக்கு நீளமாகவும் நெருக்கமாகவும் தெரியும். அகலப் பாதை மரச் சிலிப்பர் வழக்கமாக 9 அடி நீளம், 10 அங்குல அகலம். நம் அளவில் 27 மி.மீ., இரண்டரை மி.மீ. பிளாஸ்டிக் சிலிப்பரைக் கழற்றிவிட்டு நீங்களே போடுவது நல்லது. தீக்குச்சி ஏறக்குறைய 2 மி.மீ. சதுரம், தலையை வெட்டி 27க்கு நறுக்கினால் பழைய மரச் சிலிப்பராக நம்பும்படி இருக்கும்.

கடலோரக்கோச்சி எழுதியது:

அண்ணன், இதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை! அப்போ சின்னப் பாதைகளுக்கு என்ன கணக்கு? இராகலைப் பாதை 2 அடி 6 அங்குலம்தானே?

மூன்றுமில்லி எழுதியது:

ஓம், 762 மி.மீ. களனிவெளியும் அதே அளவில்தான் தொடங்கியது. அதை 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.75 வரும். கடையில் கிடைக்கிற 'N' என்ற சின்ன அளவுத் தண்டவாளம் 9 மி.மீ. இலேசாக ஒத்துப்போகும். 'N' அளவு இன்ஜின் ஒன்றின் அடிப்பாகத்தை எடுத்து, மேலே 87 அளவில் உடம்பு கட்டினால் வேலை முடிந்தது. வெளிநாட்டில் நிறையப் பேர் இப்படித்தான் சின்னப் பாதை செய்கிறார்கள்.

இராகலைப் பாதையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மேசையில் ரயில் செய்கிறவர்கள் எல்லோருக்கும் பெரிய தலைவலி வளைவு. மலைநாட்டு அகலப் பாதையின் கடுமையான வளைவே 5 செயின், 330 அடி ஆரை. அதை 87இல் சுருக்கினாலும் ஒரு மீற்றருக்கு மேல் போகும், உங்கள் 2 அடி மேசையில் திரும்பாது. ஆனால் இராகலைப் பாதையில் 80 அடி ஆரையில்கூட வளைத்திருந்தார்கள். 87இல் அது 28 செ.மீ. பொய் சொல்லாமல் உண்மையான வளைவையே உங்கள் மேசையில் போடலாம். ஏற்றம் 24க்கு 1. எட்டடி ஓடுவதற்குள் பத்து செ.மீ. ஏறிவிடும். மலைப்பாதை என்று பார்த்தவுடன் தெரியும்.

என் தேர்வு இராகலைதான்.

ஏறாவூர்ச்சிலிப்பர் எழுதியது:

தம்பிமார் இரண்டு பேருக்கும் வணக்கம். ரயில்வேயில் கேங் வேலையோடு தொடங்கி, தண்டவாளப் பராமரிப்பிலேயே ஓய்வு பெற்றவன் நான். கணக்கெல்லாம் அருமை. ஆனால் எல்லோரும் இன்ஜினையும் தண்டவாளத்தையுமே பேசுகிறீர்கள். கைவிடப்பட்ட பாதையில் அது இரண்டும்தான் இருக்காது. மிஞ்சுவது மண் வேலை. அணை, வெட்டு, மதகு, பாலத்தூண். உங்கள் மாதிரியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

பாதை போட்ட மனிதர்கள் நிலத்தை எப்படி யோசித்தார்கள் என்று பாருங்கள். மாட்டுவண்டிப் பாதை மேட்டில் ஏறி இறங்கும், மரம் வந்தால் ஒதுங்கும். ரயில் பாதைக்கு அது முடியாது. சமவெளியில் நூறுக்கு ஒன்று என்றாலே சாமான் ரயிலுக்குப் பாரமான ஏற்றம். ஆகவே மேட்டை வெட்டுவார்கள், அந்த மண்ணைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் அணை கட்டுவார்கள். பற்றைக்குள் ஒரு மேடு நேராகப் போய், பிறகு ஒரே சீராக வளைந்தால் அது ரயில் அணை. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள், அணைக்கு மண் எடுத்த குழி நீளமாகத் தெரியும். மாரியில் அதில் தண்ணீர் நிற்கும், ஆம்பல் பூத்துக் கிடக்கும்.

பிறகு கல். எங்கள் கிழக்குச் சமவெளி மண்ணில் உடைத்த கருங்கல் தானாக வராது. காலால் கிளறிப் பார்த்தால் முழங்கை அளவு ஆழத்தில் சல்லி கிடைக்கும். அதுவும் இல்லாவிட்டால் மதகைத் தேடுங்கள். அணை தண்ணீரை மறிக்கும், அதனால் தண்ணீர் ஓடும் ஒவ்வொரு இடத்திலும் மதகு கட்டியே ஆகவேண்டும். தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போவார்கள், சிலிப்பரை விறகாக்குவார்கள், மதகை ஒருவரும் தூக்கிக்கொண்டு போவதில்லை.

மேசையில் முதல் வேலை மண் வேலையாக இருக்கட்டும். ரயில் பிறகு வரட்டும்.

ஓட்டமாவடிப்பாலம் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். இராகலை, ஓபநாயக்க என்று மலைக்குப் போய்விட்டீர்கள். எங்கள் பாலத்தை ஏன் ஒருவரும் நினைக்கவில்லை? ஓட்டமாவடி இரும்புப் பாலத்தில் ரயிலும் வாகனமும் ஒரே தளத்தில் போன காலம் இருந்தது. மன்னம்பிட்டியிலும் அப்படித்தான், மகாவலிக்கு மேலே. இப்போது இரண்டு இடத்திலும் வீதிக்குத் தனிப் பாலம் வந்துவிட்டது. பழைய பாலத்தில் ரயில் மட்டும் போகிறது.

கேட்டைப் போட்டார்கள் என்றால் இரு கரையிலும் சைக்கிள், லொறி, மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் வரிசை. ரயில் பாலத்தில் ஊர்ந்துதான் வரும். ரயிலின் கடைசிப் பெட்டி தாண்டியவுடன் கேட் திறக்கும், பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் ஒரேயடியாகப் பாலத்துக்குள் இறங்குவார்கள். எங்கள் வாப்பா சைக்கிளில் முன்னால் என்னை வைத்துக்கொண்டு, சக்கரம் தண்டவாள இடுக்கில் விழாமல் குறுக்காக வெட்டி ஏற்றுவார்.

அந்தப் பாலத்தில் ரயில் ஓடுகிறது, கைவிடப்பட்டது வீதிதான். இதுவும் உங்கள் கணக்கில் வருமா?

கடலோரக்கோச்சி எழுதியது:

நானா, கட்டாயம் வரும். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கணினிக்கு முன்னாலேயே இருந்துவிட்டேன். மலைப்பாதைகளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஓட்டமாவடியால் பஸ்ஸில் எத்தனை தரம் போயிருப்பேன்!

மூன்றுமில்லி எழுதியது:

பாலம் என்றால் வீதித் தளத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே மட்டை வைத்து நிரப்பும்போது, தண்டவாளத்தின் தலையைவிட அரை மில்லி தாழ்வாக வையுங்கள். மட்டமாக வைத்தால் தண்டவாளம் துடைக்கிற ஒவ்வொரு தடவையும் மட்டையின் சாயம் உரிந்து தண்டவாளத்தில் ஒட்டும், இன்ஜின் நின்று நின்று ஓடும். சக்கரத்தின் விளிம்புக்கு உள்பக்கம் ஒரு மில்லிக்குக் குறையாத இடைவெளி விடவேண்டும்.

செங்கலடி_புவியியல் எழுதியது:

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள். ஏறாவூர் ஐயா சொன்னதோடு வரைபடத்தையும் சேர்க்க விரும்புகிறேன்.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடங்களில், அதாவது ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், 63,360இல் ஒரு பங்கு, அந்தக் காலப் பாதைகள் தெளிவாக இருக்கின்றன. அதே இடத்தை இன்றைய செய்மதிப் படத்தில் திறந்து பக்கத்தில் வையுங்கள். பாதை போனபின்னும் காணி எல்லை போவதில்லை. வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே ஒரே அகலத்தில் நீளமாக ஒரு துண்டு அரசாங்கக் காணி கிடக்கும். சில இடத்தில் அது வீதியாகியிருக்கும், சில இடத்தில் தேயிலைத் தோட்டத்துப் பாதை, சில இடத்தில் வரிசையாக வீடுகள். வீடுகள் ஓர் அழகான வளைவில் வரிசையாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மற்ற நாடுகளில் இந்த வேலை செய்கிறவர்களுக்குக் குடும்ப அல்பம் ஒரு சுரங்கம். நமக்கு அது இல்லை. 1978 நவம்பர் சூறாவளியில் மட்டக்களப்பில் எத்தனை வீடுகளின் கூரையோடு படங்களும் போயின. மிச்சமிருந்ததைப் போரும் இடப்பெயர்வும் எடுத்தன. 2004இல் கடல் வந்தது. கல்முனைத் தம்பிக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே நமக்கு நிலமும் வயதானவர்களின் ஞாபகமும்தான் ஆவணம். கிழக்கில் ஒருவர் அளந்து, கேட்டு, ஒரு மாதிரி செய்தால் அது வெறும் பொழுதுபோக்கு என்று நான் நினைக்க மாட்டேன்.

கடலோரக்கோச்சி எழுதியது:

டீச்சர், எங்கள் வீட்டில் அம்மாவின் கல்யாணப் படம்கூட இல்லை. அந்தக் கடைசி வரிக்காக நன்றி.

அக்கரைப்பற்று_வண்டி எழுதியது:

நான் வேறு பக்கம் பேசப் போகிறேன், கோபிக்க வேண்டாம். இருந்து அழிந்ததை மட்டும்தான் செய்யவேண்டுமா? மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை ரயில் வரும் என்று நாங்கள் கேட்டுக் கேட்டு வளர்ந்தோம். நான் அதை மேசையில் போட்டிருக்கிறேன். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில். எல்லாம் 'N' அளவில், நிலையப் பலகை மூன்று மொழியிலும் எழுதி வைத்திருக்கிறேன். என் பிள்ளைகள் அக்கரைப்பற்று நிலையத்தில் ரயிலை நிறுத்தி விளையாடுகிறார்கள். கல்முனையிலிருந்து கேட்கிற தம்பி ஏன் கல்முனை நிலையத்தைச் செய்யக்கூடாது?

ஏறாவூர்ச்சிலிப்பர் எழுதியது:

பிள்ளைகள் விளையாடட்டும், அது சந்தோஷம். ஆனால் இந்த இழையின் விஷயம் வேறு. இல்லாத பாதைக்கு மதகு எங்கே, தூண் எங்கே? எதைப் பார்த்துத் திருத்துவீர்கள்? மாதிரியில் நான் கேட்பது ஒன்றுதான், யாராவது வந்து "இது இந்த இடம்" என்று விரல் வைக்கவேண்டும்.

அக்கரைப்பற்று_வண்டி எழுதியது:

ஐயா, என் மேசைக்கு வருகிற எல்லோரும் விரல் வைக்கிறார்கள். "நிலையம் இங்கே வராது, அந்தப் பக்கம் வரும்" என்று சண்டைகூடப் பிடிக்கிறார்கள்.

செங்கலடி_புவியியல் எழுதியது:

அந்தச் சண்டைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. இல்லாத பாதையைச் செய்வதற்கு நிலத்தை இன்னும் அதிகமாகப் படிக்கவேண்டும். நீங்கள் எழுவான்கரையால் கொண்டுபோகிறீர்கள், கடலுக்கும் வாவிக்கும் நடுவே. அங்கே வீடில்லாத காணி எங்கே இருக்கிறது? கல்லடியில் வாவியைக் கடக்கப் பாலம், ஒவ்வொரு ஊரிலும் நெருக்கமான வளவுகள். நான் செய்தால் வாவிக்கு மேற்கே, படுவான்கரையால் கொண்டுபோவேன். வயல் வெளி, நீண்ட அணை, மாரி வெள்ளத்துக்கு நிறைய மதகுகள். ஊருக்கும் நிலையத்துக்கும் தூரம் கூடும், ஆனால் பாதை போடலாம்.

ஐயா சொல்வதும் சரி, இரண்டும் வேறு வேறு வேலை. கல்முனைத் தம்பி கேட்டது அழிந்த பாதை.

மூன்றுமில்லி எழுதியது:

தலைமன்னாரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 1914இல் திறந்த பாதை, அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, அப்படியே சென்னை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1990இல் இந்தப் பக்கம் ரயிலும் நின்றது. ஆனால் 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. கைவிடப்பட்டுக் கிடப்பது இறங்குதுறைதான். தனுஷ்கோடிப் பக்கம் மீற்றர் பாதை, நம் பக்கம் ஐந்தரை அடி. இரண்டு கரையையும் ஒரே மேசையில், நடுவில் கடலோடு செய்தால் அபாரமாக இருக்கும். ஆனால் 8 அடிக்குள் அடங்காது. யாராவது பெரிய மண்டபம் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏறாவூர்ச்சிலிப்பர் எழுதியது:

கைவிடப்பட்ட பாதையைத் தேடி வேறெங்கும் போகத் தேவையில்லை தம்பிமாரே. எங்கள் பாதையே அப்படிக் கிடந்ததை மறந்துவிட்டீர்களா? 1928இல் திறந்த மட்டக்களப்புப் பாதை. போர்க்காலத்தில் ரயில் பொலன்னறுவைப் பக்கத்தோடு நின்றுவிடும், இந்தப் பக்கம் வராது. வாழைச்சேனை, கல்குடா, தேவபுரம், வந்தாறுமூலை, ஏறாவூர் எல்லாம் ரயில் இல்லாத நிலையங்கள். 2003இல்தான் திரும்ப மட்டக்களப்புக்கு வந்தது.

அந்த வருடங்களில் அணையின் மேல் நடந்துபோவோம். மாரியில் வயலெல்லாம் வெள்ளம், காய்ந்த இடம் அணை ஒன்றுதான். மாடுகள் வரிசையாக அதில் ஏறி நிற்கும். தண்டவாளத் தலை துருவேறிச் சிவப்பாக இருக்கும். ஓடுகிற பாதையில் தலை எப்போதும் பளபளக்கும், ஓடாத பாதை முதல் மழையிலேயே சிவந்துவிடும். கேங்காரனுக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்காது. சல்லிக்குள் முதலில் வருவது புல், பிறகு நாயுண்ணி, பிறகு விடத்தல். மூன்று மாரிக்குள் தண்டவாளம் கண்ணுக்குத் தெரியாது.

இதை யாரும் மாதிரியாகச் செய்து நான் பார்த்ததில்லை.

கடலோரக்கோச்சி எழுதியது:

ஐயா, முடிவு செய்துவிட்டேன். இராகலை வேண்டாம். இதைத்தான் செய்யப் போகிறேன், 3 மி.மீ. அளவில். வயல், அணை, ஒரு மதகு, ஒரு வீதிக் கடவை. ஆனால் ஒரு சிக்கல். ரயில் ஓடாத மாதிரியை ஓட்டுவது எப்படி? ரயில் ஓடவும் வேண்டும் எனக்கு.

மூன்றுமில்லி எழுதியது:

இரண்டையும் செய்யலாம். அணையை மேசையோடு ஒட்டுங்கள், பாதையை ஒட்டாதீர்கள். அணையின் மேல் 4 செ.மீ. அகலத்துக்கு ஒரு பள்ளம் விட்டு, அதில் சரியாக உட்காரும்படி இரண்டு நீளப் பட்டிகள் செய்யுங்கள். ஒன்றில் ஓடுகிற பாதை, மின்சாரம், சுத்தமான சல்லி. மற்றதில் கைவிடப்பட்ட பாதை. பட்டியை மாற்றினால் காலம் மாறும். வயலும் மதகும் அப்படியே இருக்கும்.

கைவிடப்பட்ட பட்டியில் ஒரு பகுதியைத் தண்டவாளம் கழற்றியதாகச் செய்யுங்கள். வடக்குப் பாதையில் தண்டவாளமும் சிலிப்பரும் போரில் பங்கர், அதாவது பதுங்குகுழி கட்டப் போன கதை எல்லோருக்கும் தெரியும், அந்தத் தோற்றத்தைச் செய்ய ஒரு வழி இருக்கிறது. தீக்குச்சிச் சிலிப்பர்களை ஒட்டாமல் அடுக்குங்கள். சுற்றிச் சல்லியைத் தூவி, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு துளி விட்டு, சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்தத் துளி இல்லாவிட்டால் பசை சல்லிக்குள் இறங்காமல் மேலே முத்தாக நிற்கும். பசை பாதி இறுகியதும் குறட்டால் சிலிப்பரை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். சிலிப்பர் கிடந்த தடம் வரிசையாக அப்படியே நிற்கும். இரண்டொன்றைப் பிடுங்காமல் விடுங்கள், உக்கிப்போனதை ஒருவரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

சல்லிக்குக் கடற்கரை மணலை எடுக்கிறவர்கள் கவனம். உப்புப் போகும்வரை கழுவவேண்டும். அத்தோடு எங்கள் கிழக்குக் கரை மணலில் கறுப்பு மணல் கோடு கோடாக இருக்கும். காய்ந்த மணல்மேல் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், ஒட்டுகிறதையெல்லாம் எடுத்துவிடுங்கள். விட்டால் இன்ஜினின் மோட்டர் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், இன்ஜின் போய்விடும். நான் உடைத்த செங்கல்லையும் கருங்கல் தூளையும் அரித்து எடுக்கிறேன்.

ஓட்டமாவடிப்பாலம் எழுதியது:

ரெஜிபோமில், அந்த வெள்ளை நுரைப் பலகையில், அணை கட்டலாமா? கடைகளில் குளிர்சாதனப் பெட்டி வந்த பெட்டிகளோடு சும்மா கிடைக்கும்.

மூன்றுமில்லி எழுதியது:

கட்டலாம் நானா. ஆனால் தின்னர் உள்ள சாயமும் கடும் பசையும் பட்டால் கரைந்துவிடும். வெள்ளைப் பசையும் தண்ணீர்ச் சாயமும் மட்டும். கீழே பிளைவுட் வைத்தால் கறையான் பார்க்கவேண்டும், மேசைக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஏறாவூர்ச்சிலிப்பர் எழுதியது:

ஓடுகிற காலத்துக்கு இன்ஜின் என்றால் எம் 2 டீசல் போடுங்கள். 1954இலிருந்து கொழும்புத் திட்டத்தில் கனடா தந்தது, முதலில் வந்தவை கனடிய மாகாணங்களின் பெயரோடு வந்தன. முன்னுக்கு மூன்று அச்சு, பின்னுக்கு மூன்று அச்சு, ஒவ்வொன்றிலும் நடு அச்சு மோட்டர் இல்லாதது. அதில் சாமான் ரயில் வந்தால் கால் வழியே தெரியும்.

அத்தோடு தம்பி, ரயிலைச் சுற்றிச் சுற்றி ஓட்டாதீர்கள். ஒற்றைப் பாதையில் டேப்லட், அதாவது அந்தத் துண்டுப் பாதைக்குள் போக அனுமதியான உலோக வில்லை, இல்லாமல் ஓட்டுநர் நிலையத்தை விட்டுக் கிளம்ப மாட்டார். இரண்டு நிலையத்திலும் ஒவ்வொரு கருவி, கம்பியால் இணைத்தது. ஒன்றிலிருந்து ஒரு டேப்லட்டை எடுத்துவிட்டால் அது எந்தக் கருவிக்காவது திரும்பப் போகும்வரை அடுத்தது வெளியே வராது. அதனால் இரண்டு ரயில் ஒரே துண்டுப் பாதைக்குள் போக முடியாது. தோல் பையில் போட்டு, வளையத்தில் மாட்டி, ஓடுகிற இன்ஜினுக்குக் கையால் கொடுப்பார்கள். மேசையின் இரு முனையிலும் இரண்டு பேர் நின்று, ஒரு சின்ன வளையத்தைக் கைமாற்றி ஓட்டிப் பாருங்கள். எட்டடிப் பாதையில் ஒரு மாலை முழுக்கப் போகும்.

செங்கலடி_புவியியல் எழுதியது:

அளக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வந்தாறுமூலை, ஏறாவூர்ப் பாதையில் இப்போது ரயில் ஓடுகிறது. தண்டவாளத்தில் இறங்கி அளக்க வேண்டாம், வீதிக் கடவைப் பக்கத்திலிருந்து படம் எடுங்கள். படத்தில் தண்டவாள இடைவெளி தெரிந்தால் அது ஐந்தரை அடி, மற்றதையெல்லாம் அதிலிருந்து கணக்கிடலாம். வடக்கே பழைய பாதைகளைப் பார்க்கப் போகிறவர்கள் மண்டையோட்டுப் பலகை இருந்தால் ஓர் அடிகூட உள்ளே வைக்காதீர்கள். முகமாலையில் இன்னும் மிதிவெடி அகற்றுகிறார்கள். பொலன்னறுவைக்கு அந்தப் பக்கம் யானை.

கடலோரக்கோச்சி எழுதியது:

கவனித்துக்கொள்கிறேன் டீச்சர். கணக்குப் பார்த்தேன், 8 அடி மேசை நிஜத்தில் ஏறக்குறைய 250 மீற்றர். ஒரு மதகும் ஒரு கடவையும் நெருக்கமில்லாமல் வரும். ரெஜிபோம் வெட்டத் தொடங்கிவிட்டேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. அணையின் மேல்பக்க அகலம் என்ன வைப்பது? சரிவு எவ்வளவு?

ஏறாவூர்ச்சிலிப்பர் எழுதியது:

மேலே 18 அடி என்று வையுங்கள் தம்பி, உங்கள் கணக்கில் 54 மி.மீ. சரிவு ஓர் அடி இறங்க ஒன்றரை அடி வெளியே. அதைவிடச் செங்குத்தாக வைத்தால் முதல் மாரியிலேயே மண் இறங்கும் என்று எங்களுக்குத் தெரியும், பார்க்கிற கண்ணுக்கும் அது பிழையாகத்தான் தெரியும். ஒரு பக்கச் சரிவில் மாடு ஏறி இறங்கிய தடம் ஒன்று வையுங்கள். மதகுக்குப் பக்கத்தில், மேல்நீர்ப் பக்கமாக. அந்தப் பக்கம்தான் புல் நிற்கும்.

ஓட்டமாவடிப்பாலம் எழுதியது:

கடவைக்கு ஆட்கள் வேண்டுமென்றால் சொல்லுங்கள் தம்பி. 3 மி.மீ. அளவில் மனிதன் ஒன்றே முக்கால் செ.மீ.தானே, என் மகள் கம்பியில் சைக்கிள் முறுக்கி அனுப்புவாள். மீன்பெட்டியோடு ஒன்று, இல்லாமல் ஒன்று.